டோக்கன் இருக்கு, கைக்கு எட்டணுமே!

டிசைன் டோக்கன் என்றதும் ரேஷன் கடை டோக்கன் ஞாபகம் வந்தால் தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் வந்தது :-)

விஷயம் சின்னது. ஆப், வெப்சைட் திரைகளை வரைகிறவர்கள் நிறத்தையோ, இடைவெளியையோ, எழுத்து அளவையோ எண்ணாகப் போடாமல் அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைப் போடுவார்கள். #333333 என்று அடிக்காமல் 'முக்கிய எழுத்து நிறம்' என்று. நாளைக்குப் பெயருக்குப் பின்னால் இருக்கிற எண்ணை மாற்றினால் நூறு திரையும் மாறிவிடும். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் 2014 வாக்கில் புழக்கத்துக்கு வந்த சொல் இது.

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்பீர்கள். டேலி தெரிந்தவனுக்கு இந்த யோசனை புதுசே இல்லைங்க. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியதே, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் கணக்கு எழுதுகிற யாரும் அந்த வாரத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஃபினிஷ்டு லெதர் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. வரியை ஸ்டாக் குரூப்பில் வைத்திருந்தவருக்கு ஒரே இடத்தில் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஐட்டத்திலும் தனித்தனியாக அடித்து வைத்திருந்தவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான். டோக்கனுக்கும் நேரடி எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆக, டோக்கன் நல்லது. இதில் யாருக்கும் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் அதை வரைகிற இடத்தில் எடுத்துப் போடுவது எப்படி என்பதில்தான்.

ஃபிக்மா 2023 ஜூனில் 'வேரியபிள்ஸ்' என்று இதைக் கொண்டுவந்தது. எண் வகை வேரியபிள் ஒன்றை உருவாக்கினால், நாமாகப் போய்க் கட்டுப்படுத்தாத வரை அது பொருந்துகிற எல்லா இடத்திலும் தலைகாட்டும். மூலை வளைவுக்கு வைத்த 8, இடைவெளி கேட்கிற இடத்திலும் வந்து நிற்கும். எது எங்கே தெரியலாம் என்று டிக் எடுக்கிற வசதி உண்டு. அதைப் பொறுமையாகச் செய்ய ஒருவர் வேண்டுமே! அவசரத்தில் இருக்கிறவன் நீண்ட பட்டியலைப் பார்த்ததும் பெட்டியில் நேராக 8 என்று அடித்துவிட்டுப் போய்விடுவான். சோம்பேறித்தனம் என்று அவனைத் திட்டலாம். நான் மென்பொருளைத்தான் திட்டுவேன்.

டேலியில் கான்ட்ரா வவுச்சர் திறந்து பாருங்கள். ரொக்கமும் வங்கியும்தான் பட்டியலில் வரும். வாடகை, சம்பளம் எதுவும் எட்டிப் பார்க்காது. யாரும் உட்கார்ந்து டிக் எடுக்கவில்லை. லெட்ஜர் எந்த குரூப்பில் இருக்கிறது என்பதை வைத்தே அதற்குத் தெரிகிறது. லெட்ஜர் இல்லையா? வவுச்சரை மூடாமலே ஆல்ட்-சி அழுத்தி உருவாக்கிக்கொள்ளலாம். பார்க்க அழகில்லாத மென்பொருள்தான், ஆனால் கை நிற்காமல் ஓடுகிறதே!

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'செகண்டரி', 'சட்டில்', 'மியூட்டட்' என்று மூன்று சாம்பல் நிறம் வரிசையாக நின்றால் எதை எடுப்பது? எங்க ஊர் டேனரிகளில் 'டேன்' என்று வாயால் சொன்னதை நம்பி யாரும் சாயம் ஏற்ற மாட்டார்கள், பையர் ஒப்புக்கொண்ட ஸ்வாட்ச் துண்டு கையில் இருக்க வேண்டும். டோக்கன் பட்டியலிலும் இது எதற்கு, எங்கே ஏற்கெனவே போட்டிருக்கிறது என்பது பெயரோடு சேர்ந்து தெரியணும்.

பென்பாட் 2025-ல் டோக்கனுக்கென்றே தனித் தாவல் வைத்தது. பொருளைத் தேர்ந்தெடுத்து டோக்கனைக் கிளிக் செய்தால் ஒட்டிக்கொள்கிறது, எந்தப் பண்பில் ஒட்ட வேண்டும் என்று சொல்ல ரைட் கிளிக். போகிற திசை எனக்குப் பிடித்திருக்கிறது. டோக்கன்களை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதற்கான முதல் நிலையான வரையறையும் 2025 அக்டோபரில் டபிள்யூ3சி சமூகக் குழுவிடமிருந்து வந்துவிட்டது. அது ஃபைல் வடிவத்தைப் பற்றியது, கிளிக்கைப் பற்றியது இல்லை.

இதில் நமக்கு என்ன நஷ்டம்? தமிழ்தான். 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி உயரத்தில் இரண்டும் இடித்துக்கொள்ளும். வரி உயரம் டோக்கனாக இருந்தால் தமிழுக்கு ஒரு 'மோட்' வைத்து மொத்தமாக உயர்த்திவிடலாம், ஃபிக்மாவில் 2024 முதலே இது முடிகிறது. ஆனால் யாரோ ஒருத்தர் பட்டியலில் தேட அலுத்துப்போய் 20 என்று கையால் அடித்திருந்தால், மோட் மாறினாலும் அந்த 20 மாறாது. அந்தத் திரையில் மட்டும் தமிழ் எழுத்தின் கால் வெட்டுப்பட்டு நிற்கும்.