மலடிப் பட்டமும் கோதுமைப் பசையும்

பிள்ளை பிறக்காத வீட்டில் யார் மீது குற்றம் என்பதற்கு நம் நாட்டில் விசாரணையே கிடையாது. தீர்ப்பை மாத்திரம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். கலியாணமாகி மூன்று வருஷம் கழிந்தால் பெண்ணுக்கு "மலடி" என்ற பட்டம் வந்துவிடுகிறது. புருஷனுக்கோ அப்படி ஒரு பட்டமும் இல்லை. அவனைக் குறிக்க அவ்வளவு சாதாரணமாக வாயில் வரும் சொல்கூட நம்மவர் வழக்கில் இல்லை. இந்த ஒன்றே நமது சமூகத்தின் நீதியைக் காட்டப் போதுமானதாகும்.

காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களில் வாரிசில்லாத வீட்டார் "பிள்ளை கூட்டிக்கொள்வது" வெகு காலத்து வழக்கம். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஒரு குழந்தையை எடுத்து அன்போடு வளர்ப்பது யோக்கியமான காரியமே. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் அந்த வீட்டுப் பெண்ணை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதைத்தான் கேட்கிறோம். அரசமரத்தைச் சுற்று, நாகப் பிரதிஷ்டை செய், மரத்தில் தொட்டில் கட்டு, இராமேசுவரத்தில் தீர்த்தமாடு என்று ஜோசியனும் புரோகிதனும் சொன்னதையெல்லாம் செய்து, பணமும் போய், பழியும் அவள் தலையிலேயே நிற்கிறது. அவளுடைய இரத்தத்தில் ஒரு துளி எடுத்துப் பார்த்தவர் உண்டா? புருஷனைப் பரிசோதித்தவர் உண்டா?

இதைச் சொல்லக் காரணம் சீலியாக் என்னும் ஒரு வியாதியாகும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற பசை இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் அறாமல் வருவது இதனால்தான். பிறவியிலேயே ஒரு வகைத் தன்மை அமைந்த சிலருக்கு இந்தப் பசை சென்றதும், உடம்பின் காவற்படையே சிறுகுடலைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் குடல் முளைகள் தேய்ந்துபோகின்றன. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேராமல் சோகை உண்டாகிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டு. சிலருக்கோ தீராத சோகையைத் தவிர வேறு அடையாளமே இராது. இதற்குக் கோதுமையே காரணமென்று ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டினார்.

இவ்வியாதி கண்ட பெண்கள் சிலர் கோதுமையை விட்டபின் கருத்தரித்ததாக 1970இலேயே இங்கிலாந்து வைத்தியர்கள் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டதில், காரணம் புலப்படாமல் பிள்ளையில்லாதிருக்கும் பெண்களிடம் இவ்வியாதி மற்றவர்களைவிடச் சுமார் ஆறு மடங்கு அதிகமாகத் தென்பட்டது. ஆனால் 2014இல் இங்கிலாந்தில் இலட்சக்கணக்கான பெண்களின் வைத்தியக் குறிப்புகளைப் பார்த்தபோது, இவ்வியாதி கொண்ட பெண்களிடம் பொதுவாகப் பிள்ளையின்மை அதிகமில்லை என்று தெரிந்தது. முன்னது பிள்ளையில்லாதவர்களிடம் வியாதியைத் தேடியது. பின்னது வியாதிக்காரர்களிடம் பிள்ளையின்மையைத் தேடியது. ஆகவே சம்பந்தம் இருக்கக்கூடும், ஆனால் முடிவாகவில்லை என்பதே நேர்மையான பேச்சு. முடிவாகாததை முடிவானதாகச் சொல்வது ஜோசியன் வேலை. அது நமக்கு வேண்டாம்.

நிற்க, இது வடநாட்டார் வியாதிதானே என்று சிலர் கேட்கலாம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்களும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியில், வடக்கே ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேருக்கும் தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இவ்வியாதியின் அடையாளம் இரத்தத்தில் இருப்பது கண்டார்கள். ஆனால் அதற்கு இடந்தரும் பிறவித் தன்மையோ இரு பக்கத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார்; தெற்கே 25 கிராம்தான். இன்று நம் ஊர்க் கடைத்தெருவில் மாலையானால் பரோட்டாக் கல் காய்வதையும், இராத்திரி வீடுகளில் சப்பாத்தி சுடுவதையும் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சற்று யோசிப்பது நல்லது.

அதற்காகப் பிள்ளையில்லாதவர்கள் எல்லோரும் நாளைக்கே கோதுமையை வீசியெறிய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அது அரசமரத்துக்குப் பதில் இன்னொரு மரத்தைச் சுற்றுவதேயாகும். பரிசோதனைக்கு முன் கோதுமையை விட்டுவிட்டால் வியாதி இருந்தாலும் தெரியாமல் போகும். முதலில் இரத்தப் பரிசோதனை; அதில் சந்தேகப்பட்டால் குடலைக் குழாய் விட்டுப் பார்த்தல். மதுரை போன்ற ஊர்களில் இதைச் செய்கிறார்கள். வியாதி உண்டென்று உறுதிப்பட்டால் மருந்து உணவுதான்: ஆயுள் முழுதும் கோதுமை, மைதா, ரவை, சேமியா கூடாது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை தாராளமாய் உண்ணலாம். நமது இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனியரிசி எதற்கும் தடையில்லை. கடைப் பெருங்காயத்தில் மாத்திரம் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பார்த்து வாங்க வேண்டும்.

பிள்ளையின்மைக்கு இது அபூர்வமான ஒரு காரணமே. மற்றக் காரணங்கள் பல. அவற்றில் புருஷன் பக்கத்துக் காரணங்களும் ஏராளம். ஆகவே பரிசோதனை இருவருக்கும் நடக்க வேண்டும். இலட்சக்கணக்கில் வாங்கும் கருத்தரிப்பு நிலையங்களிலும், "எல்லாக் காரணங்களையும் பார்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேள்வி கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது.

தோழர்களே! பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணும் அவள் துணைவனும் தீர்மானிக்க வேண்டிய விஷயம். பிள்ளை பெறாததால் ஒரு பெண்ணின் யோக்கியதை இம்மியும் குறைந்துவிடாது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு ஒருத்தி சோகை பிடித்து வெளுத்து நிற்கிறாளா என்று இன்றைக்கே பாருங்கள். அடுத்த பரிகாரத்துக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு அவளை வைத்தியரிடம் அழைத்துப்போகப் போதும். கூடவே அவள் புருஷனையும் அழைத்துப் போங்கள்.