ஆட்டுக்குக் குழை, காண்டாமிருகத்துக்கு வைக்கோலா?

முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் மாட்டுக்குச் சினை ஊசி போட்டவன் நான். சுமத்ரா காண்டாமிருகத்தின் கதையையும் அந்தக் கண்ணால்தான் படிக்கிறேன்.

1984 தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தோனேசியா, மலேசியக் காடுகளில் 40 காண்டாமிருகங்களை உயிரியல் பூங்காக்களில் வளர்க்கப் பிடித்தார்கள். பெரும்பாலானவை குட்டி போடாமலே செத்தன. உயிரியல் பூங்கா என்றாலே ஆகாதவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். என் கணக்கில் குற்றம் அறியாமையுடையது. இந்தக் காண்டாமிருகம் புல் மேயும் பிராணியல்ல. நம் வெள்ளாடு மாதிரி குழை தின்பது. அதற்குப் போய் வைக்கோலைப் போட்டிருக்கிறார்கள்! அமெரிக்காவின் சின்சினாட்டியில் இப்பூ என்ற ஆண் சாகக் கிடந்த பிறகுதான் அத்தி இனத்துக் குழையைத் தருவித்துக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. எங்கள் ஊரில் ஆடு வளர்க்கும் எந்தப் பாட்டியும் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

பருவம் பார்ப்பதிலும் அதே கோளாறு. டெர்ரி ராத் என்ற ஆய்வாளர் ஸ்கேன் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்: பசுவைப் போலத் தானாகக் கருமுட்டை வெளிவராது, பூனையைப் போல, ஆணோடு சேர்ந்தால்தான். எமி என்ற பெண் காண்டாமிருகத்துக்கு 5 முறை கரு கலைந்தது. ஆறாவது முறை ஹார்மோன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2001 செப்டம்பர் 13-இல் அண்டலாஸ் பிறந்தான். அதற்கு முன் மனிதர் பராமரிப்பில் இந்த இனம் ஈன்றது 1889-இல், கல்கத்தாவில்.

"காட்டிலேயே விட்டுவிடுங்களேன்" என்பார்கள். காட்டில் மிஞ்சியிருப்பவை 50-கூடத் தேறாது; அதுவும் இங்கொன்று அங்கொன்றாக. இணை சேராமலே கிடக்கும் பெண்ணுக்குக் கருப்பையில் கட்டி வளரும். மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் இமானுக்கு அதுதான் நடந்தது. 2019 நவம்பரில் அது செத்தது.

2007-இல் அண்டலாஸையும் 2015-இல் அவன் தம்பி ஹாரபானையும் சுமத்ராவுக்கே அனுப்பினார்கள். வே கம்பாஸில் காட்டுக்குள்ளேயே வேலி போட்ட சரணாலயம். அதுதான் சரியான இடம். 2012 முதல் 2023 வரை அங்கே 5 குட்டிகள். ஆனால் எல்லாமே இந்த அண்ணன் தம்பி வித்து. 2023 நவம்பர் குட்டிக்குத் தாய் அண்டலாஸின் மகள், தகப்பன் அவளுடைய சித்தப்பன். மாட்டுப் பண்ணையில் இதை நான் அனுமதிக்க மாட்டேன்.

ஆச்சே மாநிலத்து லூசர் காட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. கட்டி வளர்வதற்கு முன், வயதாவதற்கு முன், அவற்றில் சிலவற்றைப் பிடித்து வர வேண்டும். இப்போதே.