குண்டூசி குத்தணுமா, வேண்டாமா?



முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதற்காக நம் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் போர்வை தைக்கிறோம். நீங்கள் கொடுத்த பழைய பருத்திச் சேலைகளைச் சதுரமாக வெட்டி ஒன்றோடு ஒன்று இணைக்கிற வேலை.

போன வாரம் ஒரு சின்ன வாக்குவாதம். தைப்பதற்கு முன்னால் துணியில் குண்டூசி குத்தணுமா? மூத்த அக்காமார், "இத்தனை வருஷமா தைக்கிறோம், கையே போதும்" என்கிறார்கள். புதுசா வந்த பிள்ளைகள் ஒவ்வொரு துண்டுக்கும் நாலு ஊசி குத்துகிறார்கள். எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம்: ரெண்டு பக்கமும் பாதி சரி.

5 அங்குலச் சதுரங்கள் இரண்டைச் சேர்க்க ஊசி தேவையில்லை. ஓரம் பார்த்துப் பிடித்தால் நேராகவே போகும். ஆனால் 10 சதுரம் உள்ள வரிசையை அடுத்த வரிசையோடு இணைக்கும்போது கட்டாயம் வேண்டும். மிஷினின் அடிப்பல் கீழ்த்துணியை இழுக்கும், மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். பழைய சேலை மெலிசு, இன்னும் நழுவும். முதல் போர்வையில் கடைசி மூலை அரை அங்குலம் விலகி, வரிசை முழுக்கப் பிரித்துத் தைத்தோம். ஊசி குத்தாமல் மிச்சம் பிடித்த நேரத்தைவிடப் பிரித்த நேரம்தான் அதிகம்.

ஆக, சதுரங்கள் சந்திக்கிற இடத்தில் மட்டும் குத்துங்கள். தையலுக்குக் குறுக்காக, தலை வெளியே தெரியட்டும். மிஷின் ஊசி கிட்டே வருவதற்குள் எடுத்துவிடுங்கள். மேலே ஓட்டினால் மிஷின் ஊசி உடையலாம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. தைத்து முடித்த போர்வையை மடிக்கும்போது ஒரு தங்கையின் விரலில் குண்டூசி குத்தியது. உள்ளேயே தங்கிவிட்டது. நம் கையில் குத்தியதால் தெரிந்தது. படுத்த படுக்கையாக, வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு பாட்டிக்குக் குத்தியிருந்தால்?

தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் சாமான்களை எண்ணி வைத்த பிறகுதான் நாங்கள் வீட்டுக்குப் போவோம். இங்கேயும் அப்படியே செய்வோம். டப்பாவில் 50 ஊசி எண்ணிக் கொடுப்போம், 50 திரும்ப வரணும். 49 வந்தால், காந்தம் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை போர்வை மண்டபத்தை விட்டு வெளியே போகாது.

அக்காமார் கோபிக்க வேண்டாம். உங்கள் கைப்பழக்கத்தில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போர்த்திக்கொள்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கணும், அதுதான் நம் தொண்டு.

ஞாயிறு சந்திப்போம். தாயே துணை. 🙏