இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது?

பிரித்தானியச் சுகாதாரச் செயலாளர் அவர்களுக்கு,

குணமாகாத நோயால் மரணத்தை நெருங்கியவர்கள் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள வழிசெய்யும் மசோதாவை 2025 ஜூன் 20 அன்று மக்களவை 314–291 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர் கிம் லெட்பீட்டர் கொண்டுவந்த அந்த மசோதாவை ஆதரித்தவர்களிடமும் எதிர்த்தவர்களிடமும் இரக்கத்தைக் கண்டேன். இரண்டு மருத்துவர்கள், அவர்களுக்குப் பின் வழக்கறிஞரும் மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் அடங்கிய குழு என்று ஒவ்வொரு படியையும் அளந்து வைத்திருக்கிறார்கள். கடைசி மூச்சுவரை வாழ விரும்புகிறவருக்கு இப்படி அளந்து வைத்த ஏற்பாடு எங்கே?

எங்கள் தெருவில் ஓர் அம்மம்மா இருந்தார். புற்றுநோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு வலி தாங்காமல் அலறினார். வலிக்கான மருந்து வீட்டிலேயே, அலமாரியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. ஊசி போடத் தாதி வேண்டும். மகள் ஒவ்வோர் எண்ணாக அழைத்தார். தாதி வந்தபோது விடிந்துவிட்டது. அந்த மூன்று மணி நேரமும் அம்மம்மாவின் கையைப் பிடித்தபடி இருந்தேன். “உங்களுக்கெல்லாம் பாரமாப் போனன் பிள்ளை, என்னைப் போக விடுங்கோ” என்றார். ஊசி போட்டு அரை மணி நேரத்தில், பேத்தி பள்ளிக்கூடத்தால் எப்போது வருவாள் என்று கேட்டார். அன்று சனிக்கிழமை என்பதை மறந்திருந்தார்.

அம்மம்மாவின் விருப்பம் இந்த இரண்டில் எது? எந்தக் குழுவின் முன் வைத்தாலும், வலி தணிந்த பிறகல்லவா அதைக் கேட்க வேண்டும்?

இதை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே உங்கள் நாடுதான். தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967இல் தென் லண்டனின் சிடன்ஹாமில், குணமாகாத நோயாளர்களைக் கடைசிவரை பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி திரும்பும்வரை காத்திராமல், நேரம் தவறாமல் மருந்து கொடுப்பது அவருடைய முறை. உடல்வலியோடு மனத்தின் வலியையும் குடும்பத்தின் வலியையும் சேர்த்தே பார்த்தார்.

இன்று பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் அரசு தருகிறது. மிச்சம், பழைய உடுப்பு விற்கும் கடைகளிலிருந்தும் மாரத்தான் ஓடுகிறவர்களின் உண்டியலிலிருந்தும் வர வேண்டும். பிரசவ விடுதியை இப்படி நடத்த எந்த அரசாவது துணியுமா? 2024 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹாஸ்பிஸ்களுக்கு 10 கோடி பவுண்டை உங்கள் அரசு அறிவித்தது, நன்றி. ஆனால் அது கட்டடத்துக்கும் கருவிகளுக்குமான பணம். 2025 ஏப்ரலில் ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்புறுதி 15 விழுக்காடாக உயர்ந்தபோது ஹாஸ்பிஸ்களுக்கு விலக்கு இல்லை. கட்டடம் ஊசி போடாது, ஐயா.

நோய்த்தணிப்புச் சேவையை ஏற்பாடு செய்வது வட்டாரச் சுகாதார வாரியங்களின் கடமை என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமைக்குரிய பணத்தைச் சம்பளத்துக்கென்றே ஒதுக்குங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் இரவு முழுவதும் தாதி எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணும், அழைத்த ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வரும் ஒருவரும் வேண்டும். மசோதாவின் கதி எதுவானாலும், இதற்கு இன்னொரு வாக்கெடுப்பு தேவையில்லை.

இப்படிக்கு,
லண்டன்வாசி ஒருவர்