கத்தரிக்காய்க்கு எஜமான் யார்?

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம். கூலி உயர்வு, வீட்டுமனைப் பட்டா ஆகியவை பற்றிப் பேசி முடித்தோம். கூட்டம் கலையும் நேரத்தில் வயதான ஒரு தாய் எழுந்தார். "ஏந் தோழரே, புழுவைக் கொல்ற விஷத்தை விதைக்குள்ளயே வச்சுக் கத்தரி விளைவிக்கிறாங்களாமே, அதை நம்ம பிள்ளைங்க தின்னா உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு மில் தொழிலாளி, "என்ன ஆத்தா, படிச்சவங்க கண்டுபிடிச்சதை நாம குத்தம் சொல்லலாமா? மகசூல் கூடினா நல்லதுதானே?" என்றார். சிலர் ஆத்தா பக்கம் பேசினார்கள், சிலர் இவர் பக்கம்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் இரண்டு பேரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு வருமுன் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தின்றால் ஆபத்தா?

மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், சில வகைப் புழுக்களைக் கொல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை எடுத்துச் செடிக்குள் புகுத்துகிறார்கள். பி.டி. பருத்தி, பி.டி. கத்தரி என்பது இதுதான். செடியைக் கடித்த புழுவின் குடல் கெட்டு அது சாகிறது. மனிதக் குடலின் அமைப்பு வேறு. நம் வயிற்றில் அந்தப் புரதம் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப் போகிறது என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்.

அமெரிக்காவில் 1996 முதல் மரபணு மாற்றிய சோயாவும் மக்காச்சோளமும் விளைகின்றன. அந்நாட்டின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016ல் ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டன. கடைக்கு வந்துள்ள இத்தகைய உணவுகளால் மனித உடலுக்கு மற்ற உணவுகளைவிடக் கூடுதல் ஆபத்து என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அது கூறியது. மொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது, ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலை.

ஆகவே, தின்றால் மலடாகிவிடுவோம் என்பது போன்ற வதந்திகளை நாம் பரப்பக்கூடாது. விஞ்ஞானத்தைக் கண்டு பயப்படுவது பாட்டாளி வர்க்கத்தின் குணமல்ல. ஆனால் "பயமில்லை" என்று சொல்பவன் யார் என்று பார்ப்பதும் நம் கடமை. பி.டி. கத்தரிக்கு மத்திய சர்க்காரின் குழு 2009 அக்டோபரில் அனுமதி வழங்கியது. சோதனை விவரங்களில் பெரும்பகுதி, விதையை விற்கப் போகும் கம்பெனியே தந்தது. தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு, நீதிமன்றம் வரை போராடிய பிறகே அவ்விவரங்கள் வெளியே வந்தன. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டபின் 2010 பிப்ரவரி 9ல் சர்க்கார் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. பரீட்சை எழுதியவனே தன் தாளைத் திருத்திக்கொள்வதை எந்தப் பள்ளிக்கூடத்தில் ஒப்புவார்கள்?

பருத்தி தந்த படிப்பினை

மில் தொழிலாளத் தோழர்களே! நீங்கள் நூற்கும் பருத்தியில் பெரும்பகுதி இன்று பி.டி. பருத்தியே. 2002ல் அதற்கு அனுமதி கிடைத்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் பருத்தி உற்பத்தி இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆரம்ப ஆண்டுகளில் காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பதும் குறைந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 450 கிராம் விதைப் பொட்டலம் ஒன்று 1,600 ரூபாய்க்கு விற்றது. அதில் ஏறக்குறைய 1,250 ரூபாய், மரபணுவுக்கான 'உரிமைத் தொகை' என்று மான்சாண்டோ கூட்டுக் கம்பெனி வழியே போயிற்று. 2006ல் ஆந்திர சர்க்கார் வழக்குத் தொடுத்த பிறகே விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. பாதி விலைக்கும் குறைவாக விற்க முடிந்தது என்றால், அதற்கு முன் வாங்கியது என்ன? பகற்கொள்ளைதானே!

மேலும், நம் நாட்டில் பி.டி. மரபணுவை வீரிய ஒட்டு ரகங்களில் மட்டுமே புகுத்தி விற்றார்கள். விளைந்ததில் விதை எடுத்து மறு வருஷம் விதைத்தால் அதே விளைச்சல் வராது. ஆண்டுதோறும் கடைக்காரனிடம் கை நீட்டித்தான் ஆகவேண்டும்.

புழுவும் சும்மா இருக்கவில்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது என்பதை 2010ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியும் விதைத்தால் புழு சீக்கிரம் பழகாது என்று தனிப் பொட்டலம் கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர் கடன்கார விவசாயி புழு தின்பதற்கென்று நிலம் ஒதுக்குவானா? அடுத்த ரகத்தையும் புழு வென்றது. மருந்தடிப்பு மீண்டும் ஏறியது. 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளுமாக 20க்கும் மேற்பட்டோர் விஷம் ஏறி மாண்டனர். விதை விற்றவன் லாபக் கணக்கில் இந்தச் சாவுகள் ஏறவில்லை.

களை எடுக்கும் கைகள்

இனி விவசாயத் தொழிலாளர்களைச் சேர்ந்த விஷயம். புழுவைக் கொல்லும் பயிர் ஒரு வகை. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பயிர் இன்னொரு வகை. உலகில் அதிகம் பயிராவது இந்த இரண்டாவது வகைதான். நம் நாட்டில் அத்தகைய பருத்திக்கு அனுமதி கிடையாது. இருந்தும் கள்ளத்தனமாக விற்பனையாகிறது. 2019ல் மகாராஷ்டிரத்தில் சிலர் பகிரங்கமாகவே விதைத்துக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன முக்கிய காரணம், களையெடுப்புக் கூலி கட்டவில்லை என்பதே.

களையெடுப்பது யார்? நம் தாய்மார்கள். நடவு, களை, அறுப்பு என்ற மூன்றில்தான் அவர்கள் ஜீவனம். அறுப்பை இயந்திரம் கொண்டு போயிற்று, நடவும் போய்க்கொண்டிருக்கிறது. களையையும் மருந்து கொண்டு போனால் அந்த அடுப்பு எதைக் கொண்டு எரியும்? குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும் வேலை என்றும் மாறக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேலையைக் குறைக்கும் விஞ்ஞானம் வரட்டும். அதன் மிச்சம் நிலப்பிரபுவின் பைக்குப் போய், பட்டினி மட்டும் உழைப்பாளிக்கு வருவது எந்த நியாயம்?

2022 அக்டோபரில் டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய மரபணு மாற்றிய கடுகுக்கு மத்திய சர்க்கார் அனுமதி வழங்கியது. அதிலும் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருக்கிறது. விவசாயி வயலில் அந்த மருந்தை அடிக்கக்கூடாது என்பது நிபந்தனை. வரப்பில் நின்று காவல் காப்பது யார்? 2024 ஜூலையில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் அனுமதி பற்றி வேறுபட்ட தீர்ப்புக் கூறினார்கள். தேசியக் கொள்கை ஒன்று வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள்.

மூன்றாவது கேள்வி

அந்த மூன்றாவது கேள்வி இதுதான்: விதைக்கு எஜமான் யார்?

கியூபாவில் சர்க்கார் ஆராய்ச்சி நிலையமே புழு தாக்காத மக்காச்சோளத்தை உருவாக்கியது. பங்களாதேஷில் 2013ல் பி.டி. கத்தரிக்கு அனுமதி கிடைத்தது. அங்கே சர்க்கார் நிலையம் உள்ளூர் ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்தது. விவசாயி தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதே மரபணுதான், ஆனால் ஆண்டுதோறும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. கத்தி ஒன்றுதான். அதை வைத்திருப்பவன் டாக்டரா, வழிப்பறிக்காரனா என்பதைப் பொறுத்தே நோயாளியின் கதி.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. சோதனையைக் கம்பெனியிடம் விடாமல் சர்க்கார் ஆய்வுக்கூடங்கள் செய்யட்டும். விவரம் முழுவதும் மக்கள் மொழியில் வெளிவரட்டும். விதை ஆராய்ச்சிக்குச் சர்க்கார் பணம் ஒதுக்கட்டும். 2001ம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்குத் தந்துள்ள, விதையைச் சேமிக்கும், பரிமாறும் உரிமையில் யாரும் கை வைக்கக்கூடாது. உண்ணும் பொருளில் மரபணு மாற்றியது இருந்தால் பொட்டலத்தில் மட்டுமின்றிச் சில்லறை எண்ணெய்க் கடையிலும் எழுதி வைக்கட்டும். களைக்கொல்லிப் பயிருக்கு அனுமதி பேசுமுன், களையெடுக்கும் பெண்களின் வேலைக்கு வழி சொல்லட்டும்.

ஆத்தாவுக்கு அன்று நாம் சொன்ன பதில் இதுதான்: "தின்றால் ஆகுமா என்பதைச் சோதித்துச் சொல்ல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்கள் கம்பெனிக்குப் பதில் சொல்வார்களா, நமக்குப் பதில் சொல்வார்களா என்பது நம் கையில் இருக்கிறது."

அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ அடுத்த கூட்டத்துக்கு மில்லுக்காரங்களையும் நிறையக் கூட்டிட்டு வா" என்றார்.

அழைத்துப் போவோம். பருத்தி எடுக்கும் கையும் அதை நூற்கும் கையும் சேர்ந்தால், விதைக்கு எஜமான் யார் என்பதை நாமே முடிவு செய்யலாம்.