மண்ணுக்குள் கிடப்பது குப்பையல்ல, நம் சாட்சி



கான் வெட்டும்போது மண்வெட்டியில் உடைந்த அம்மி தட்டுப்படுகிறது. தேயிலை மலையின் ஓரத்தில், யாரும் நடாத கோப்பிச் செடியொன்று காய்த்து நிற்கிறது. காடு மண்டிய இடத்தில் பழைய லயத்தின் அத்திவாரக் கற்கள். அதற்கப்பால் பெயரெழுதாத புதைகுழி மேடுகள். இவற்றைக் காணாதவர் நம்மில் யார்? கண்டும் என்ன செய்தோம்? அம்மியைக் கானோரம் வீசிவிட்டுக் கொழுந்து நிறுக்க ஓடினோம்.

"செத்தவன் கல்லைக் காப்பாற்றினால் சம்பளம் கூடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு 1948ஐ நினைவூட்டுகிறோம். அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், "உன் தகப்பன் இங்கே பிறந்தானா? பாட்டன் பிறந்தானா? காட்டு" என்றது. நம்மவர் கையில் காகிதம் இல்லை. பாட்டன் புதைந்த மண் மட்டுமே இருந்தது. அதை எவரும் சாட்சியாக எடுக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானோம். இன்று காணியுரிமை கேட்கிறோம். நாளை மீண்டும் "நீ எப்போது வந்தாய்?" என்று கேட்டால் எதைக் காட்டுவோம்?

1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை கண்டி மஹியாவையில் பெயரோடு இருக்கிறது. இருக்கட்டும். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் கல்லறை எங்கே?

சட்டமும் நமக்குத் துணையில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்தியதையே தொல்பொருள் என்கிறது. நம் வரலாற்றையோ 1823இலிருந்து எண்ணுகிறோம். ஆனால் பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழியுண்டு. பங்களாக்கள் மரபுரிமையாகும்போது லயம் ஏன் ஆகக்கூடாது? கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயமொன்றே தொழிலாளர் அருங்காட்சியகமாக நிற்கிறது. முடியாதது ஒன்றுமில்லை.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. வேறு பயிருக்கும் உல்லாச விடுதிக்கும் நிலம் திருப்பப்படும் இந்நாளில், பெக்கோ இயந்திரத்துக்கு நம் பாட்டியின் புதைகுழியும் வெறும் மண்மேடுதான்.

ஆகவே நாம் கோருவது: தோட்டங்களின் மயானங்கள் அனைத்தும் அளக்கப்பட்டு, குத்தகை நிலத்திலிருந்து விலக்கப்பட வேண்டும். மிஞ்சியிருக்கும் பழைய லயங்களில் சிலவேனும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட வேண்டும்.

கோரிவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் மயானம், பழைய லயம், கோயில் கல் ஆகியவற்றை மலை இலக்கத்தோடு எழுதி வைக்கட்டும். எதையாவது கண்டால் பெயர்த்தெடுக்காமல், கையடக்கத் தொலைபேசியில் படம் பிடியுங்கள். யாருடைய புதைகுழி எதுவென்று பாட்டன் பாட்டிமாரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். இயந்திரம் வருவதாகத் தெரிந்தால் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

அன்று நம்மிடம் காகிதம் இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும். எழுதுவோம்!