பழைய தொலைபேசியின் திறப்பு யாருடைய கையில்?

2025 ஆம் ஆண்டு மே மாதம், பழைய ஐபோன்கள் சிலவற்றுக்கு வட்ஸ்அப் செயலியின் ஆதரவு நிறுத்தப்பட்டது. ஐபோன் 5எஸ், ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்தத் தொலைபேசிகளின் திரை உடைந்துவிடவில்லை. அழைப்பு எடுக்கும் ஆற்றலையோ ஒளிப்படம் பிடிக்கும் ஆற்றலையோ அவை இழந்துவிடவும் இல்லை. ஐஓஎஸ் 15.1 அல்லது அதற்குப் பிந்திய இயங்குதளம் இருத்தல் வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. அப்பிள் நிறுவனமோ அந்த மாதிரிகளை 12 ஆவது பதிப்புடன் நிறுத்திவிட்டிருந்தது. இதனால், முதல் நாள் வரை குடும்பத்தினரின் குரலைக் கொண்டு வந்த கருவி மறுநாள் அந்த வேலைக்கு உதவாததாயிற்று.

அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. மலிவு விலை மாதிரிகள் பல இரண்டொரு ஆண்டுகளுக்குள்ளேயே பாதுகாப்பு மேம்படுத்தல்களைப் பெறாத நிலைக்குத் தள்ளப்படுகின்றன. அவை தொடர்ந்து இயங்குகின்றன. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அவற்றில் அடைக்கப்படுவதில்லை.

புதிய தொலைபேசியொன்றை வாங்கிக்கொள்வது தானே என்று கூறிவிடுவது எளிது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவையும் தாண்டியதைக் கண்டவர்கள் நாம். இறக்குமதிப் பொருளான கையடக்கத் தொலைபேசியின் விலை அதன் பின்னர் சாதாரண குடும்பமொன்றின் மாத வரவுசெலவில் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறைக்கு வருபவர் கொண்டுவரும் தொலைபேசி முதலில் மூத்த பிள்ளையிடமும், பின்னர் இளையவரிடமும், இறுதியில் வீட்டிலிருக்கும் அம்மாவிடமோ உம்மாவிடமோ போய்ச் சேருகின்றது. வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் பல வீடுகளில் பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் வந்து சேருவதும் இத்தகைய பழைய கருவிகளுக்கே ஆகும்.

பழைய தொலைபேசியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவி அதன் ஆயுளை நீடிக்க முடியாதா என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழுகின்றது. கணினி விடயத்தில் அது முடிகின்றது. விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுக்குக் கொண்டு வந்தபோது, பழைய கணினி வைத்திருந்தோருக்கு மாற்று வழியொன்று இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாகத் தரவிறக்கி, ஒரு சிறிய பென் ட்ரைவில் ஏற்றி, ஒரு மாலைப் பொழுதுக்குள் நிறுவிக்கொள்ளலாம். பத்து வருடங்களுக்கு முந்திய மடிக்கணினியும் அதில் ஓடுகின்றது. அதே வயதுடைய தொலைபேசிக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை. அதற்குள் இருப்பதும் ஒரு கணினியே என்பதால், இந்த வேறுபாட்டுக்கான காரணம் ஆராயப்பட வேண்டியதாகும்.

முதலாவது தடை பூட்டு ஆகும். தொலைபேசியை இயக்கியவுடன் முதலில் விழித்து, எந்த இயங்குதளத்தை ஏற்றுவது எனத் தீர்மானிக்கும் சிறு மென்பொருளைப் பூட்லோடர் என்பர். உற்பத்தியாளரின் இலத்திரனியல் ஒப்பம் இல்லாத எதனையும் ஏற்காதவாறு அது பூட்டப்பட்டே விற்பனைக்கு வருகின்றது. வீட்டை வாங்கியவரிடம் திறப்பைக் கொடுக்காமல், தேவைப்படும்போது தாமே வந்து திறந்துவிடுவதாக விற்றவர் கூறுவதற்கு ஒப்பானது இது. சில நிறுவனங்கள் கேட்டவருக்குத் திறப்பைக் கொடுத்தன, சில கொடுக்கவேயில்லை, சில கொடுத்துவிட்டுப் பின்னர் கையை இழுத்துக்கொண்டன.

முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசி விற்பனைக்கு வந்தது 2008 ஆம் ஆண்டிலாகும். மறு ஆண்டே தன்னார்வ நிரலாளர்கள் அதற்கென சயனோஜென்மொட் என்ற மாற்று இயங்குதளத்தை உருவாக்கிவிட்டனர். 2011 இல் எச்.ரி.சி. நிறுவனம் தனது தொலைபேசிகளைப் பூட்டிய வேளையில் பாவனையாளரின் எதிர்ப்பு வலுத்ததால், அந்நிறுவனம் தனது கொள்கையை மாற்றிக்கொண்டு திறக்கும் வழியை அறிவிக்க நேர்ந்தது. அக்காலத்தில் பாவனையாளரின் குரலுக்கு அத்தகைய வலு இருந்தது.

பின்னர் காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. ஹுவாவி நிறுவனம் திறப்புக் குறியீடுகள் வழங்குவதை நிறுத்தப்போவதாக 2018 மே மாதத்தில் அறிவித்து, அவ்வாறே நிறுத்தியது. சியோமி நிறுவனம் விண்ணப்பித்துக் காத்திருக்கும் முறையைக் கொண்டு வந்து, படிப்படியாக அதனை இறுக்கியது. 2025 இல் வெளிவந்த வன் யூஐ 8 பதிப்புடன், உலகச் சந்தைக்கான சம்சுங் மாதிரிகளிலும் பூட்லோடரைத் திறக்கும் தெரிவு அகற்றப்பட்டது. அதற்கு முன்னரும் சம்சுங் தொலைபேசியைத் திறப்பது இலவசமாக இருக்கவில்லை. திறந்து, உற்பத்தியாளர் ஒப்பமிடாத மென்பொருளை ஏற்றியவுடன் கருவிக்குள் இருக்கும் நொக்ஸ் என்ற மின் உருகி ஒரு தடவை எரிந்துவிடும். பின்னர் பழைய நிலைக்குத் திரும்பினாலும், பாதுகாக்கப்பட்ட கோப்புறை முதலான சில வசதிகள் திரும்பக் கிடைப்பதில்லை.

பூட்டு மாத்திரமே பிரச்சினை என்று எண்ணிவிடலாகாது. இரண்டாவது தடை, எமது கணிப்பில், முதலாவதைவிடக் கடினமானது. கணினியொன்றுக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்பதை அந்தக் கணினியே இயங்குதளத்துக்குத் தெரிவித்துவிடுகின்றது. பல ஆண்டுகளாக எல்லா உற்பத்தியாளர்களும் பின்பற்றிவரும் பொது ஒழுங்கு அது. தொலைபேசியில் அத்தகைய பொது ஒழுங்கு இல்லை. திரை எந்த வகை, கமரா எந்த முனையில் இணைக்கப்பட்டுள்ளது, மின்கலத்தின் அளவை எங்கே வாசிப்பது என்பன ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அந்த உறுப்புகளை இயக்கும் ட்ரைவர் மென்பொருள்களின் மூல நிரல் சிப் உற்பத்தியாளரின் இரகசியமாக இருக்கின்றது. ஆகவே, ஒரு மாதிரிக்கெனத் தயாரித்த இயங்குதளத்தை, பார்வைக்கு அதனைப் போலவே இருக்கும் மற்றொரு மாதிரியில் ஏற்றினால் தொலைபேசி விழிக்காமலே போய்விடலாம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கக்கூடும்.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் கொரெலியம் நிறுவனம் செய்து காட்டிய பரிசோதனை இதற்கு நல்ல சான்றாகும். ஐபோன்களின் அடித்தளத்தில் 2019 இல் கண்டறியப்பட்ட, திருத்த முடியாத ஓட்டையொன்றைப் பயன்படுத்தி, ஐபோன் 7 இல் அன்ட்ரொயிட் ஏற்றப்பட்டது. பூட்டு உடைந்தது; திரையில் அன்ட்ரொயிட் தோன்றியது. ஆனால், அழைப்பு எடுக்க முடியவில்லை, ஒலி கேட்கவில்லை, கமரா வேலை செய்யவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே சென்றவருக்கு, வீட்டின் மின்சுற்று வரைபடம் கிடைக்காத நிலை அது.

தயாரித்த நிறுவனமே விரும்பினாலும் இத்தடையைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பதை நெதர்லாந்தின் பெயார்போன் நிறுவனத்தின் அனுபவம் உணர்த்துகின்றது. நீண்டகாலம் பாவிக்கத்தக்க தொலைபேசி என்ற நோக்குடன் 2015 இல் அந்நிறுவனம் பெயார்போன் 2 ஐ வெளியிட்டது. அதற்குள் இருந்த சிப்பைத் தயாரித்த குவால்கொம், அன்ட்ரொயிட் 6 இற்கு அப்பால் அந்தச் சிப்பிற்கான ஆதரவை வழங்கவில்லை. அதற்குப் பின்னர் 7, 9, 10 ஆகிய பதிப்புகளை அந்தக் கருவிக்குக் கொண்டுவர அச்சிறு நிறுவனம் தன்னார்வ நிரலாளர்களின் உழைப்பிலும் தங்கியிருந்து பல வருடங்கள் போராட வேண்டியதாயிற்று. ஆதரவு 2023 மார்ச்சில் முடிந்தபோது ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. சிறு நிறுவனமொன்றுக்கு ஏழு ஆண்டுகள் முடிந்ததெனில், மிகப்பெரும் நிறுவனங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளுடன் கைகழுவிவிடுவதற்குத் தொழில்நுட்பத்தை மாத்திரம் காரணமாகக் கூற முடியாது.

கூகுள் நிறுவனம் 2017 இல் அன்ட்ரொயிட் 8 உடன் ட்ரெபிள் என்ற ஏற்பாட்டின் மூலம் இயங்குதளத்தையும் ட்ரைவர்களையும் ஓரளவு பிரித்து வைத்தது உண்மையே. அது ஒரு முன்னேற்றம். அதே கூகுள், தனது பிக்சல் தொலைபேசிகளுக்கான உறுப்பு விபரக் கோப்புகளை 2025 ஜூனில் அன்ட்ரொயிட் 16 வெளியானதிலிருந்து பொதுவில் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. மாற்று இயங்குதளம் தயாரிப்போர் பெரிதும் நம்பியிருந்த தொலைபேசிகள் அவையே. சயனோஜென்மொட்டை நடத்திய நிறுவனம் 2016 இறுதியில் அதற்கான சேவைகளை நிறுத்தியபின் அதன் வாரிசாக உருவான லீனியேஜ் ஓஎஸ் இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளுக்குக் கிடைக்கின்றது. ஆயினும், எமது கடைகளில் அதிகம் விற்கப்படும் மலிவு விலை மாதிரிகளை அந்தப் பட்டியலில் தேடுபவர் ஏமாற்றமடையவே வாய்ப்பு அதிகம். லினக்ஸ் கேர்னலின் உரிமத்தின்படி, அதனைப் பாவித்துத் தொலைபேசி விற்பவர் மூல நிரலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். மலிவுத் தொலைபேசி நிறுவனங்கள் பல இக்கடமையைச் செய்வதில்லை.

இவ்விரு தடைகளையும் கடந்து வெற்றிகரமாக நிறுவியவருக்கும் நிம்மதி இல்லை. தொலைபேசியில் இருப்பது உற்பத்தியாளர் ஏற்றிய இயங்குதளம் தானா என்று கூகுளின் சோதனை முறையைக் கொண்டு வங்கிச் செயலிகள் பரிசோதிக்கின்றன. இல்லையெனில் அவற்றுட் பல திறக்க மறுக்கின்றன. நான்காம் தலைமுறை வலையமைப்பின் ஊடான குரல் அழைப்பும் சில கருவிகளில் இயங்காமல் போகின்றது. இதில் ஒரு விசித்திரம் இருக்கின்றது. பாதுகாப்பு மேம்படுத்தல் நின்று ஐந்து ஆண்டுகளான, ஓட்டைகள் நிறைந்த பழைய அன்ட்ரொயிட்டை வங்கிச் செயலி ஏற்றுக்கொள்ளக்கூடும். கடந்த மாதப் பாதுகாப்புத் திருத்தங்களுடன் கூடிய மாற்று இயங்குதளத்தை அது நிராகரிக்கும்.

தொலைபேசிக் கடைகளில் ‘சொப்ட்வெயார் போடுவது’ எனச் சொல்லப்படும் வேலையையும் இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அங்கு பெரும்பாலும் செய்யப்படுவது, உற்பத்தியாளரின் அதே பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றுவதாகும். முடங்கிய கருவி அதனால் எழுந்து நிற்கலாம். அதன் வயது குறைவதில்லை. வேறு இயங்குதளம் நிறுவ முனைவோர், பூட்டைத் திறக்கும்போது தொலைபேசியில் உள்ள ஒளிப்படங்களும் ஆவணங்களும் முழுவதுமாக அழிந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

தமிழ் வாசிக்கும் எமக்கு இந்த விடயத்துடன் பழைய தொடர்பொன்றும் உண்டு. 2010 ஆம் ஆண்டளவில் வந்த அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் சதுரப் பெட்டிகளாகவே தெரிந்தன. ஒபெரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, எழுத்துகளைப் படங்களாகக் காட்டுமாறு மாற்றியே அன்று பலர் இணையத்தில் தமிழ்ச் செய்தி வாசித்தனர். வேறு சிலர் தொலைபேசியின் பூட்டை உடைத்துத் தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்தனர். உற்பத்தியாளர் எம்மை நினைவில் கொள்ளாத காலத்தில், கருவியைத் திறக்க முடிந்தமையே எமது மொழியை அதற்குள் கொண்டு வந்தது.

பூட்டு முற்றிலும் தீயது என்று நாம் வாதிடவில்லை. திருடப்பட்ட தொலைபேசியின் தரவுகளைக் காப்பது அதுவே. விற்பனைக்கு முன்னர் இடைத்தரகர் எவரும் உளவு மென்பொருளை ஏற்றிவிடாமல் தடுப்பதும் அதுவே. ஒருவரின் தொலைபேசி அவரது வாழ்க்கைக் குறிப்பேடாகிவிட்ட இக்காலத்தில், குறிப்பாகப் பெண்களின் தனிப்பட்ட ஒளிப்படங்கள் களவாடப்பட்டு மிரட்டலுக்குப் பயன்படுத்தப்படும் சூழ்நிலையில், இதனை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால், காவலைத் தொடரும் வரையிலேயே காவலாளி திறப்பை வைத்திருக்கலாம். பாதுகாப்பு மேம்படுத்தல்களை நிறுத்திய நிறுவனம், பாதுகாப்பின் பெயரால் பூட்டைத் தொடர்ந்து வைத்திருப்பதில் நியாயமில்லை. ஆதரவு முடிவடையும் நாளில், உரிமையாளர் விரும்பினால் பூட்டைத் திறக்கும் வழியும், உறுப்புகள் பற்றிய விபரங்களும் அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் பாதி தூரம் சென்றிருக்கின்றது. 2025 ஜூன் 20 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள், ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதள மேம்படுத்தல்கள் பற்றிய கடப்பாட்டையும், ஏழு ஆண்டுகளுக்கு உதிரிப்பாகங்கள் வழங்கும் கடப்பாட்டையும் விதித்துள்ளன. பூட்லோடர் பற்றி அவை எதுவும் கூறவில்லை. உலகில் 2022 இல் மாத்திரம் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 62 மில்லியன் தொன் என்றும், அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை தெரிவிக்கும் நிலையில், மீதிப் பாதித் தூரமும் கடக்கப்பட வேண்டியதே.

இலங்கை போன்ற சிறிய சந்தையொன்று பெரும் நிறுவனங்களுக்கு நிபந்தனை விதிப்பது சாத்தியமா என்று கேட்கப்படலாம். திறப்பைக் கேட்டு வாங்கும் வலு எமக்குத் தனியே இல்லாதிருக்கலாம். ஆனால், எத்தனை ஆண்டுகளுக்கு மேம்படுத்தல் கிடைக்கும், அதன் பின்னர் பூட்டைத் திறக்க வழியுண்டா என்ற இரு தகவல்களைப் பெட்டியின் மீது மும்மொழிகளிலும் அச்சிடச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 10 ஆவது பிரிவு, பொருட்களின் சுட்டுத்துண்டுகள் தொடர்பாக வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஏற்கனவே வழங்கியுள்ளது. மா, சீனி, அரிசி விடயத்தில் கையாளப்படும் அந்த அதிகாரத்தைத் தொலைபேசிப் பெட்டியின் மீதும் செலுத்துமாறு அதிகார சபையையும், இறக்குமதியாகும் தொலைபேசிகளுக்கு வகை அங்கீகாரம் வழங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையும் கேட்டுக்கொள்கின்றோம். அதுவரையில், புதிய தொலைபேசி வாங்கச் செல்லும் வாசகர்கள், கமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னர் இந்த இரண்டு கேள்விகளையும் கடைக்காரரிடம் கேட்கலாம்.